பெரியப்பாவுக்கு ரகசியம் பேச வராது

அந்தக் கவிதையில் நடுவில் ஒரு துண்டைக் காணவில்லை. வகுப்பில் எழுந்து நின்று அப்படியே சொன்னேன்.

"மேடம், மூணாவது ஸ்டான்சாவுக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஒரு பக்கம் கிழிஞ்சு போச்சு போல. பிரிண்டிங் மிஸ்டேக்கா?"

கடைசி பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு வந்ததும் நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன். பி.ஏ. ஆங்கிலம், இரண்டாம் வருடம். திண்டுக்கல் டவுனில் எனக்குத் தெரியாத விஷயம் ஏதும் இல்லை என்று திடமாக நம்பிய வயது.

கவிதையை எழுதியவர் ஒரு பாதிரியார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிலக்கரி அள்ளிக் கொட்டுகிற கூலியாள் ஒருவன் சாகக் கிடக்கிறான். பாதிரியார் மழையில் அவனைப் பார்க்கப் போகிறார். முதல் பத்தியில் தெரு. இரண்டாவதில் மரப்படிக்கட்டு. மூன்றாவதில் கதவு திறக்கிறது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் முகத்தைத் திருப்புகிறான். நாலாவது பத்தியில் பார்த்தால் பாதிரியார் மறுபடி தெருவில் நிற்கிறார். மழை விட்டிருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. கவிதை முடிந்துவிட்டது.

"சாகுறவனப் பாக்கத்தானே போனாரு? அங்க என்ன நடந்துச்சுன்னு எழுதாம மழையையும் படிக்கட்டையும் எழுதுனா எப்படி மேடம்? செம மொக்கை."

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தப்பித்திருப்பேன். "திங்கக்கிழமை செமினார் உனக்கு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு நீயே வந்து பத்து நிமிஷம் சொல்லு" என்றார்.

பஜார் நோட்ஸ் வாங்கிப் பார்த்தேன். 'விசுவாசத்தின் வெற்றி' என்று பாயிண்ட் பாயிண்டாகப் போட்டிருந்தான். நடுவில் என்ன நடந்தது என்று அவனும் சொல்லவில்லை.

அதே வாரம்தான் பெரியப்பாவை மதுரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்பாவின் அண்ணன். வெங்காயப் பேட்டையில் லோடுமேன். வயிற்றில் கட்டி. "வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை.

பெரியப்பாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவருடைய குரல். முதுகில் மூட்டையோடு குனிந்து ஓடுகிறவனுக்கு எதிரில் வருகிற ஆள் தெரியாது. "வழி, வழி" என்று கத்திக்கொண்டேதான் ஓட வேண்டும். முப்பது வருடம் அப்படிக் கத்தியதில் அவருக்கு மெதுவாகப் பேசுவது என்ற சமாச்சாரமே மறந்துபோனது. போதாததற்கு இரண்டு காதும் மந்தம். அவர் வீட்டில் உட்கார்ந்து உப்புக் கேட்டால் நாலாவது வீட்டில் உப்பு ஜாடியைத் திறப்பார்கள்.

சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கும். ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுகள். வீட்டுக்கு ஒரு அறை. நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போகாமல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதற்கு மேலே காற்று, தாளிப்பு, சண்டை, டிவி எல்லாம் ஆறு வீட்டுக்கும் பொது.

வியாழக்கிழமை மத்தியானம் பார்க்கப் போனேன். மனுஷன் பாதியாகியிருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. என்னைக் கிட்டத்தில் வரச்சொல்லிக் கையைக் காட்டினார். குனிந்தேன். ரகசியம் சொன்னார்.

"ஆத்தா, சாமியாரக் கூட்டிட்டு வா. நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். ஒரு விசயம் கெடக்கு. உங்க பெரியம்மாவுக்குத் தெரியக்கூடாது!"

பெரியம்மா மூன்றடி தள்ளி உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"எனக்குத் தெரியாம அப்படி என்னய்யா விசயம்?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாய் வீட்டம்மா கத்திக் கேட்டார். "என்னக்கா, என்னவாம்?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி, ரகசியம் பேசுறோம்!" என்றார் பெரியப்பா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல ரெண்டு வருசம் இருந்தீகளே, அந்த விசயமா?"

"நீ ஒலைய வையி."

"சாமியாரும் வேணாம், ஒண்ணும் வேணாம். வந்தா எண்ணெயோடதான் வருவாரு. எண்ணெய் இந்த வாசப்படிய மிதிக்கக்கூடாது."

இதை வெளியாட்களுக்கு விளக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவத்தைச் சாமியார் காதில் மட்டும் சொல்வோம், கேட்டதை அவர் சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது; எண்ணெய் விஷயம் வேறு. நோயாளிக்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசுவார். அவஸ்தைப்பூசுதல் என்று எங்கள் வீடுகளில் பெயர். நோயாளிக்குத் தெம்பு தரத்தான் அது என்று ஞாயிறு பிரசங்கத்தில் எத்தனை தடவை சொன்னாலும் சனம் நம்பாது. எண்ணெய் வந்தால் ஆள் அவுட் என்பதுதான் சனத்தின் வேதம். அதனால் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டு, மூச்சு இழுக்கும்போது ஓடிப்போய்க் கூப்பிடுவார்கள். சாமியார் வந்து பூசுவார், உயிர் போகும். பாத்தியா, எண்ணெய் பட்டுச்சு, போய்ட்டாரு என்று அடுத்த வீட்டுக்குப் பாடம் சொல்வார்கள். எண்ணெய் பூசி எழுந்து உட்கார்ந்து பேரன் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய கன்னிவாடி மாமா ஒருத்தர் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார். அவர் கணக்கில் சேரமாட்டார்.

பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இன்னும் லோடுமேன் பிடிதான்.

"சாவு வந்தா வரட்டும்த்தா. இத உள்ள வச்சுக்கிட்டு என்னால படுக்க முடியல."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியார் தங்கியிருக்கிற பங்கு வீட்டுக்குப் பறந்தேன். பெரியப்பாவுக்காகப் பறந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்குத் திங்கட்கிழமை செமினார் இருந்தது. சாகக் கிடக்கிற கூலியாள், பாதிரியார், கதவு. எல்லாம் என் கையிலேயே வந்து விழுந்தால் விடுவேனா?

பெரிய சாமியார் வெளியூர் போயிருந்தார். புதிதாக வந்த சின்னச் சாமியார் மட்டும் இருந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். மோர்ச்சோறு பிசைந்த கையோடு எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்தது.

"இதுக்கு முன்னாடி பண்ணிருக்கீங்களா ஃபாதர்?"

"பெரிய ஃபாதர் பண்ணும்போது கூட நின்னிருக்கேன். மெழுகுவத்தி பிடிச்சேன்."

"எங்களுக்கு ஒரு கவிதை இருக்கு ஃபாதர், இதே மாதிரி. அதுல நடுவுல…"

"கவிதையா? எனக்கே இங்கிலீஷ்ல அரியர் இருந்துச்சும்மா. கை கழுவிட்டு வாரேன், இரு."

அவர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் போனார். நான் சைக்கிளில் பின்னால் மிதித்தேன். வாசலில் பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"தோத்திரம் சாமி. பையில என்ன?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "எண்ணெய்ம்மா" என்றார்.

"அப்ப பை வெளிய இருக்கட்டும்."

பையை வண்டி ஹேண்டிலில் மாட்டிவிட்டு உள்ளே போனார். பாய் வீட்டு ஆடு அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. உள்ளே பெரியம்மா பெரியப்பாவின் கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, செத்த நேரம் வெளிய இருந்தீங்கன்னா…"

"நாப்பது வருசம் கூட இருந்தவ சாமி. இப்ப எங்க போகச் சொல்றீக?"

பெரியப்பா வாயைத் திறந்தார். "சாமி, நான்…" பெரியம்மாவைப் பார்த்தார். வாயை மூடினார். சாமியார் கொடுத்த காப்பியைக் குடித்தார். தலையில் கை வைத்து ஒரு ஜெபம் சொன்னார். கிளம்பினார். பத்து நிமிடம்கூட இல்லை. வண்டிச் சத்தம் சந்து திரும்பியதும் பெரியப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன்பிறகு யார் கூப்பிட்டும் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை கஞ்சி இறங்கவில்லை. காலேஜில் உட்கார முடியாமல் மத்தியானம் கட் அடித்துவிட்டு அங்கே போனேன். பெரியம்மாவிடம் கத்தினேன்.

"ஒரு சொட்டு எண்ணெய்க்குப் பயந்து மனுசன இப்படிப் போட்டுருக்கீகளே, உங்களுக்கே இது நல்லாருக்கா?"

"நீ படிச்சவ. உனக்கு அம்புட்டும் தெரியும்" என்றாள். குரல் உயரவில்லை. "அவரு போய்ட்டா நாளைக்கு நான் யாரு கூடடி சண்ட போடுவேன்?"

பதில் சுவருக்கு மேலிருந்து வந்தது. பாய் வீட்டம்மா ஸ்டூல் போட்டு ஏறித் தலையை நீட்டியிருந்தார்.

"அக்கா, எங்க மாமனாரு மவுத்தானப்ப பக்கத்துல உக்காந்து கடைசியா காதுல கலிமா சொல்லிக் குடுக்க ஒரு ஆள் இல்ல. எல்லாரும் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போய்ட்டாக. இன்னைக்கும் எங்க வீட்டுக்காரரு அதச் சொல்லி அழுவாரு. அண்ணன் கேக்குறதக் குடுத்துருங்க. வெளிய வந்து உக்காருங்க. உங்க காதுல விழாம நான் பாத்துக்குறேன்."

"எப்படிப் பாத்துக்குவ?"

"மத்த அஞ்சு வீட்டுலயும் டிவி இருக்குல்ல?"

பெரியம்மா அரிசிச் சுளகை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில், "எண்ணெய் வரட்டும்" என்றாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரின் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. ஆனால் திரும்பிப் படுத்தார்.

சனிக்கிழமை மூன்று மணி என்று முடிவானது. வீடு வீடாகப் போய்ச் சொல்கிற வேலை எனக்கு. சாமியார் உள்ளே போனதும் டிவி சத்தத்தைக் கடைசி வரை ஏற்ற வேண்டும், கை காட்டும்வரை குறைக்கக்கூடாது. ஏன் என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. பெரியப்பா வியாழக்கிழமையே எல்லோருக்கும் ரகசியம் சொல்லியிருந்தாரே.

மூன்று மணிக்கு முன்னாலேயே சாமியார் வந்துவிட்டார். கழுத்தில் ஊதா நிறத் துணிப்பட்டை, கையில் பை. இந்தத் தடவை பையை யாரும் தடுக்கவில்லை. பெரியம்மா நாலைந்து பொம்பளைகளோடு சந்தின் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்து செபமாலை ஆரம்பித்தாள். பேட்டையிலிருந்து பெரியப்பாவோடு மூட்டை தூக்குகிறவர்கள் எட்டுப் பேர் வந்து எதிர்ச்சுவரோரம் குந்தியிருந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. நான் கை காட்டினேன். ஒரு வீட்டில் கிரிக்கெட், ஒரு வீட்டில் சீரியல் அழுகை, ஒரு வீட்டில் சோப்பு விளம்பரம், ஒரு வீட்டில் சண்டைப்படம். எல்லாம் ஓட்டுக்கு அடியில் ஒன்றாகச் சேர்ந்து, பொருட்காட்சிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி ஆனது.

நான் பாய் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் நின்றேன். சத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள என்று சொல்லியிருந்தேன். அந்த டிவி இருந்தது நடுச்சுவரோரம். எனக்கு அந்த நடுப்பத்தி வேண்டும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கூச்சமே இல்லை. ஸ்டூல்கூடப் பக்கத்திலேயே கிடந்தது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கரண்ட் போனது.

ஐந்து டிவியும் ஒரே நொடியில் வாயை மூடின. மேலே ஃபேன் சுற்றி நிற்கிற சத்தம்கூடக் கேட்டது. வெளியே செபமாலை சொன்னவர்களும் திடுக்கிட்டு நிறுத்திவிட்டார்கள். இந்த நிசப்தம் தெரியாத ஒரே ஆள் பெரியப்பா. அவருக்கு டிவி ஓடியதும் கேட்டிருக்காது, நின்றதும் தெரிந்திருக்காது. பேட்டையில் கத்துகிற அதே குரலில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது சுவரைத் தாண்டி வந்தது. ஒரு வாக்கியத்தின் பாதி.

அது என்ன என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

நான் என்ன செய்தேன்? மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதிப் பாதிக்குக் காத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் என் பின்னால் ணங் என்று ஒரு சத்தம். பாய் வீட்டம்மா இரும்பு உலக்கையைத் தூக்கி வெறும் உரலில் போட்டார். உள்ளே ஒரு மிளகாய்கூட இல்லை. ணங், ணங், ணங். போட்டுக்கொண்டே என்னை முறைத்தார்.

"என்னாடி நிக்கிற? தட்ட எடுத்துத் தட்டு!"

தட்டையும் கரண்டியையும் எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். அடுத்தடுத்த வீடுகளிலும் பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன. வெளியே லோடுமேன்கள் எட்டுப் பேரும் எழுந்து நின்று, மூட்டை இல்லாத வெறும் முதுகோடு, "வழி, வழி, வழி" என்று அடித்தொண்டையில் கத்தினார்கள். வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெரியம்மா எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கும் சாத்திய கதவுக்கும் நடுவில் இரண்டே எட்டு. இத்தனை வருடச் சந்தேகம், இரண்டு எட்டு. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, செபமாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க மங்கள வார்த்தை செபத்தைக் கத்தினாள். பெரியப்பா குரலுக்கு ஈடான குரல் அவளிடமும் இருந்திருக்கிறது.

செத்த நேரத்தில் கதவு திறந்தது. சாமியார் எங்களை உள்ளே கூப்பிட்டார். அங்கி முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. சின்ன வெள்ளிச் சிமிழைத் திறந்து பெரியப்பாவின் நெற்றியில் பூசினார். கையை விரிக்கச் சொன்னார். உள்ளங்கை அவ்வளவு காய்த்துப்போயிருந்தது, எண்ணெய் இறங்காமல் மேலேயே நின்றது. பெரியம்மா குனிந்து தன் கட்டைவிரலால் அதைத் தேய்த்துவிட்டாள். தைலம் தேய்க்கிற மாதிரி, அழுத்தி, இரண்டு கைக்கும்.

"வலிக்குதுடி" என்றார் பெரியப்பா.

"வலிக்கட்டும்" என்றாள்.

சாமியார் வெளியே வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சந்துக்குள் நடந்து போனார். வண்டி இங்கேயே நின்றது. ஒரு லோடுமேன் அண்ணன்தான் அதைப் பங்கு வீடு வரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு கோயிலில் பார்த்தபோது சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன். "ஃபாதர், அன்னைக்குக் கரண்ட் போனப்ப…" அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு விஷயமும் இல்லை. "என்னைக்கு?" என்றார். நடிப்பா என்று உற்றுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை செமினாருக்கு எழுந்து நின்றேன். எழுதி வைத்திருந்த ஐந்து பக்கம் கையில் இருந்தது.

"சொல்லு. நடுவுல என்ன நடந்துச்சு?" என்றார் மேடம்.

"தெரியாது மேடம். போனவருக்குத் தெரியும். அவரு சொல்லக்கூடாது. அதான் மழையையும் படிக்கட்டையும் எழுதிருக்காரு. அது ரெண்டையும் சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

வகுப்பு சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மேடம் வாட்சைப் பார்த்தார். "அரை நிமிஷம்தான் ஆகுது. இன்னும் ஒன்பதரை இருக்கு." அந்த ஒன்பதரை நிமிடமும் மழையைப் பற்றி உளறினேன்.

பெரியப்பா செவ்வாய்க்கிழமை போனார். சனம் வழக்கப்படி எண்ணெய் மேல் பழியைப் போட்டது. பெரியம்மா மட்டும் போடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "மூணு நாளு நல்லாத் தூங்குனாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு பாத்திரம் தேய்க்க நானும் அவளும்தான் மிச்சம். அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு நீ பாய் வீட்டுல செவுத்தோரம்தானே நின்ன?"

"ஆமா."

"கரண்டு போனப்ப என்னமோ சொன்னாருல்ல?"

"கேக்கல பெரியம்மா. ஒரே ஒலக்கச் சத்தம்."

"பொய் சொல்லாத கழுத. ஒலக்க அதுக்கப்புறந்தான் விழுந்துச்சு." அண்டாவிலிருந்து தலையை எடுத்தாள். "எனக்கே பாதி கேட்டுச்சு."

எந்தப் பாதி என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்வியை விழுங்கினேன். அவளும் என் வாயையே பார்த்தாள். பிறகு சாம்பலை அள்ளி மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

இப்போது நான் வேலைக்கு வந்துவிட்ட ஊரிலிருந்து மாதம் ஒரு தடவை திண்டுக்கல் போகிறேன். நான் கேட்ட பாதியும் அவள் கேட்ட பாதியும் ஒன்றா, வேறு வேறா என்று தெரியாது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். பஸ்ஸில் ஏறும்போது, இந்தத் தடவை கேட்டே விடுவது என்றுதான் ஏறுகிறேன்.